ஊரைக் காக்கும் படிப்பு

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்த வீட்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

மார்க்குப் பட்டியல் மேஜை மீது கிடக்கும். அப்பா ஒரு படிப்பைச் சொல்வார். மாமா வேறொன்றைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் தம் மகன் படித்த காலேஜைப் பற்றிப் பெருமை பேசுவார்.

கதவோரம் நிற்கும் பெண் மெதுவாக வாயைத் திறக்கிறாள்.

"நான் சுற்றுச்சூழல் என்ஜினீயரிங் படிக்கிறேன், அப்பா."

அப்பாவுக்கு விளங்கவில்லை. "அது என்னம்மா படிப்பு?"

"குடிதண்ணீரைச் சுத்தம் செய்வது, சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்வது, தொழிற்சாலைப் புகையையும் கழிவையும் கட்டுப்படுத்துவது. இதையெல்லாம் சொல்லித் தருகிற படிப்பு அப்பா."

பாட்டி பதறிப்போகிறாள்.

"சாக்கடையா? அதற்காகவா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினோம்?"

இது ஒரு பாட்டியின் கேள்வி மட்டும் அல்ல. பல வீடுகளில் எழுகிற கேள்வி. இதற்கு நல்ல பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், அந்தப் பாட்டி கையில் வைத்திருக்கும் செம்புத் தண்ணீரிலேயே அந்தப் படிப்பு இருக்கிறது!

டாக்டருக்கு முன்னால் வருகிறவர்

1854-ம் ஆண்டு. லண்டன் நகரம். பிராடு தெரு என்ற இடத்தில் காலரா பரவியது. சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் அதை நம்பவில்லை. இறந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று விசாரித்தார். அவர்களில் பெரும்பாலோர் ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடும்படி சொன்னார். கழற்றினார்கள்.

டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் நகரத்தின் கழிவு முழுவதும் தேம்ஸ் நதியில்தான் விழுந்துகொண்டிருந்தது. 1858-ம் ஆண்டு கோடையில் நதி நாறியது. நதிக்கரையில் இருந்த பார்லிமெண்டில் உறுப்பினர்கள் உட்கார முடியவில்லை. அதன் பிறகுதான் பணம் ஒதுக்கினார்கள்.

ஜோசப் பேசல்ஜெட் என்ற என்ஜினீயர் வந்தார். நகரத்துக்கு அடியில் பெரிய பெரிய கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டினார். 1866-ல் மீண்டும் காலரா வந்தது. எங்கே வந்தது தெரியுமா? கால்வாய் வேலை முடியாமல் இருந்த கிழக்கு லண்டனில்! வேலை முடிந்திருந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின.

நோய் வந்தபின் காப்பாற்றுகிறவர் டாக்டர். நோய் ஊருக்குள் நுழையாமல் தடுக்கிறவர் இந்த என்ஜினீயர். டாக்டருக்கு நன்றி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நோயே வராதவனுக்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரிவதில்லை.

சென்னை குடித்த தண்ணீர்

சென்னைக்கும் இப்படி ஒரு கதை உண்டு.

1872-ம் ஆண்டு முதல் செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் அது வடிகட்டாத தண்ணீர். 1914-ல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. அந்தப் பணியை முன்னின்று செய்தவர் மேட்லி என்ற என்ஜினீயர். தியாகராய நகரில் இன்றும் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

ஏரித் தண்ணீர் குடிதண்ணீர் ஆவது எப்படி? முதலில் படிகாரம் சேர்க்கிறார்கள். கலங்கலில் உள்ள நுண்ணிய மண் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் தங்குகிறது. பிறகு மணல் வழியாகத் தண்ணீரை வடிக்கிறார்கள். கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள். அது கிருமிகளைக் கொல்கிறது. குழாயில் வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். வழியில் குழாய் உடைந்து கிருமி புகுந்தால் தடுக்க அந்த மிச்சம்தான் காவல்.

எவ்வளவு படிகாரம்? எவ்வளவு குளோரின்? குறைந்தால் நோய். கூடினால் வாயில் வைக்க முடியாது. இந்தக் கணக்கைப் போடுகிறவர்தான் என்ஜினீயர்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிணற்றுத் தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். ஆனால் அதில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது. அதிகமானால் குழந்தைகளின் பற்களில் கறை விழும். நாளடைவில் எலும்பு வளையும். காய்ச்சிக் குடித்தாலும் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் அதன் அளவு கூடத்தான் செய்யும்!

இதற்கு என்ஜினீயர்கள் வழி கண்டார்கள். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரில் உள்ள தேசிய ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. அந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது.

கழிவுநீரில் மின்சாரம்!

இனி, பாட்டி முகம் சுளித்த சாக்கடைக்கு வருவோம்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பது கணக்கு. அதில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வருகிறது. ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் தினமும் ஒரு கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர்! அதை அப்படியே ஆற்றில் விட்டால் ஆறு செத்துப்போகும். அடுத்த ஊரின் கிணறு கெட்டுப்போகும்.

இதைச் சுத்தம் செய்வது யார்? கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்! கழிவுநீரைத் தொட்டியில் நிரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்துகிறார்கள். காற்று கிடைத்த பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று பெருகுகின்றன. பிறகு அவை சேறாக அடியில் தங்கிவிடுகின்றன. மேலே தெளிந்த நீர் நிற்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-ல் இந்த முறையை உலகுக்கு அறிவித்தார்கள். இன்றும் உலகெங்கும் இதுதான் நடக்கிறது.

அடியில் தங்கிய சேற்றையும் வீணாக்குவதில்லை. காற்றுப் புகாத தொட்டியில் அதை அடைத்து வைத்தால் எரிவாயு கிடைக்கிறது. சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி நிலையங்களில் இந்த வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள்.

2019-ம் ஆண்டு சென்னை தண்ணீருக்குத் தவித்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. அதே ஆண்டில்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் புதிய நிலையங்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தினமும் 4½ கோடி லிட்டர் கழிவுநீரை மேலும் சுத்தமாக்கித் தொழிற்சாலைகளுக்குத் தரக்கூடியது. தொழிற்சாலை கழிவிலிருந்து வந்த நீரை எடுத்துக்கொண்டால், ஏரித் தண்ணீர் மக்களுக்கு மிஞ்சும். எவ்வளவு நல்ல கணக்கு!

சாயமும் தோலும்

ஊரில் தொழில் வேண்டும். தண்ணீரும் வேண்டும். இரண்டும் மோதிக்கொண்டால் என்ன செய்வது?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதன் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்தது. கிணறுகள் பாழாயின. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தீர்ப்பு வந்தது. கேட்டை உண்டாக்குகிறவனே அதை நீக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று கோர்ட்டு கூறியது.

திருப்பூரிலும் இதே கதை. பனியனுக்குச் சாயம் ஏற்றும்போது நிறைய உப்புச் சேர்க்க வேண்டும். அந்த உப்புநீர் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ம் ஆண்டு ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. தொழிலாளர் தவித்தனர்.

மீண்டும் திறக்க வழி என்ன? ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து, மிக நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி, நல்ல நீரைப் பிரிக்க வேண்டும். மிச்சமுள்ள உப்புநீரைக் காய்ச்சி உப்பை எடுக்க வேண்டும். நீரும் உப்பும் மறுபடி பட்டறைக்கே போக வேண்டும். இந்த முறை பொது நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது. பட்டறைகள் திறந்தன.

கோர்ட்டு மூடச் சொல்லலாம். விவசாயி முறையிடலாம். முதலாளி பணம் போடலாம். ஆனால் வயலும் பிழைத்துத் தொழிலும் நடக்க வழி காட்ட என்ஜினீயரால்தான் முடியும்.

எப்படிச் சேருவது?

பிளஸ்-2 வகுப்பில் கணிதம், பௌதிகம், ரசாயனம் மூன்றும் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த மார்க்குகளை 200-க்குக் கணக்கிட்டு, கவுன்சலிங் மூலம் இடம் தருகிறார்கள். ஐ.ஐ.டி.யில் சேர வேண்டுமானால் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

சுற்றுச்சூழல் என்ஜினீயரிங்கில் நேராக பட்டம் தரும் கல்லூரிகள் சிலவே. பெரும்பாலோர் போகும் பாதை வேறு. முதலில் 4 ஆண்டுகள் சிவில் என்ஜினீயரிங்கோ, கெமிக்கல் என்ஜினீயரிங்கோ படிக்கிறார்கள். பிறகு 2 ஆண்டுகள் சுற்றுச்சூழல் பிரிவில் மேல்படிப்பு. அண்ணா பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் மேல்படிப்பு இருக்கிறது. இதற்கு "கேட்" தேர்வு எழுதலாம். 2021-ம் ஆண்டு முதல் அதில் சுற்றுச்சூழலுக்கென்றே தனித்தாள் உண்டு. நல்ல மார்க்கு வாங்கிச் சேருகிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் கிடைக்கும்.

10-ம் வகுப்போடு பாலிடெக்னிக் போனவர்களும் மனம் தளர வேண்டாம். 3 ஆண்டு டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர வழி இருக்கிறது.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கலங்கும் பெற்றோர் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்றால், கவுன்சலிங் மூலம் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குத் தாசில்தார் அலுவலகச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

இரண்டு: 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ம் ஆண்டுச் சட்டப்படி என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அவர்களின் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள்? நீர் ஓடும் விதி, தண்ணீரின் ரசாயனம், கிருமிகளின் இயல்பு, சுத்திகரிப்பு நிலையங்களை வரைவது, காற்று மாசு, குப்பை, சட்டம். ஆய்வுக்கூடத்தில் கழிவுநீரைப் பாட்டிலில் அடைத்து, 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்துச் சோதிக்கும் சோதனை ஒன்று உண்டு. பாக்டீரியாக்கள் எவ்வளவு பிராணவாயுவைக் குடித்தன என்று பார்ப்பார்கள். அதிகம் குடித்தால் அழுக்கு அதிகம். அவசரப்பட முடியாது. 3 நாள் காத்திருக்கத்தான் வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற படிப்பு இது!

என்ன வேலை கிடைக்கும்?

அரசு வேலை வேண்டுமா? 1971-ல் ஏற்பட்ட குடிநீர் வடிகால் வாரியம் இருக்கிறது. 1978-ல் ஏற்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம் இருக்கிறது. 1982-ல் ஏற்பட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. மாநகராட்சிகளும் நகராட்சிகளும் இருக்கின்றன. தேர்வு எழுதி உதவி என்ஜினீயராக நுழையலாம். இந்த வேலைகளுக்கான அறிவிப்பு எப்போது வருகிறது, என்னென்ன பட்டம் கேட்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தனியார் வேலையும் உண்டு. மாசு உண்டாகும் தொழிற்சாலை எதுவானாலும் கட்டுவதற்கு ஒரு முறை, இயக்குவதற்கு ஒரு முறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும். சர்க்கரை ஆலை, காகித ஆலை, மருந்துத் தொழிற்சாலை, அனல் மின்நிலையம் எல்லாவற்றுக்கும் கழிவைக் கவனிக்க ஆள் தேவை. பெரிய அடுக்குமாடி வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கூடச் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது. பெரிய திட்டம் தொடங்கும் முன் அதனால் ஊருக்கு என்ன பாதிப்பு என்று ஆராயும் நிறுவனங்கள் இருக்கின்றன. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் வந்தன. அங்கும் வேலை உண்டு.

ஆராய்ச்சியில் ஆசை உள்ளவர்களுக்கு நாக்பூர் நிலையம் இருக்கிறது. 1958-ல் அது தொடங்கியது. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இதில் தொடக்கச் சம்பளம் கம்ப்யூட்டர் வேலையைப் போல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஊர் ஊராக அலைய வேண்டிவரும். துர்நாற்றத்தில் நிற்க வேண்டிவரும். ஆனால் மனிதன் தண்ணீர் குடிக்கும் வரை இந்த வேலைக்கு அழிவு இல்லை.

பெண்களுக்கு ஏற்றதா?

சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இருந்த பெரிய தொழில்நுட்பக் கல்லூரி 1870-ல் முதன்முதலாக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டது. அவர் பெயர் எல்லன் ஸ்வாலோ. பின்னாளில் எல்லன் ரிச்சர்ட்ஸ் என்று புகழ்பெற்றார். 1887-ல் தொடங்கி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறு, குளம், கிணறுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான தண்ணீர் மாதிரிகளைச் சோதித்தார். இந்தத் துறைக்கே முன்னோடிகளில் ஒருவர் அவர்.

நம் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் 1940-களிலேயே பெண்கள் படித்தார்கள். அவர்களில் ஒருவரான பி.கே.திரேசியா, 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை என்ஜினீயர் ஆனார்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைகிறவர்கள் பெண்கள். அந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்தை வரைகிறவரும் பெண்ணாக இருந்தால் என்ன குறை?

குழிக்குள் மனிதன்

இந்தப் படிப்புக்கு ஒரு பெரிய கடமை பாக்கி இருக்கிறது.

பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மனிதனை உள்ளே இறக்குகிற கொடுமை இன்னும் ஒழியவில்லை. உள்ளே விஷவாயு இருக்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றமே தெரியாது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் மனிதன் சுருண்டு விழுவான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுவான்.

2013-ல் இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் வரும். அப்பா வருவாரா?

2018-ல் கேரளத்து இளம் என்ஜினீயர்கள் குழிக்குள் இறங்கி அடைப்பை எடுக்கும் எந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். ஆக, வழி இருக்கிறது. மனிதன் இறங்கத் தேவையில்லாத சாக்கடையை வரைவதும், எந்திரம் இல்லாத இடத்தில் "ஆளை இறக்க மாட்டேன்" என்று சொல்வதும் என்ஜினீயரின் கடமை. படித்தவன் மேலே நின்று படிக்காதவனைக் கீழே இறக்கினால், அந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன்?

ஒரு கையெழுத்து

இன்னொரு சோதனையும் உண்டு. கழிவுநீர் சுத்தமாக இல்லாதபோது "சுத்தமாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்பவர்கள் வருவார்கள். பணம் காட்டுவார்கள். பயமுறுத்துவார்கள்.

பாலம் சரியில்லை என்றால் ஒரு நாள் இடிந்துவிடும். ஊரே பார்க்கும். தண்ணீர் சரியில்லை என்றால் சத்தம் கேட்காது. எங்கோ ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். எங்கோ ஒரு வயல் உப்புப் பூக்கும். பொய்க் கையெழுத்துப் போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தப் படிப்புக்கு மூளையோடு மனசாட்சியும் வேண்டும். மார்க்கைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும். மனசாட்சியை வீடுதான் கற்றுத்தர வேண்டும்.

பெற்றோர்களே! எல்லாப் பிள்ளைகளும் இதையே படிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்கள் பிள்ளை இதை விரும்பிக் கேட்டால், "சாக்கடைப் படிப்பு" என்று தட்டிவிடாதீர்கள். முகம் சுளிக்காமல் அழுக்கைப் பார்க்கத் துணிந்த பிள்ளை அது.

அந்தப் பேத்தி பாட்டியிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"பாட்டி, நீ குடிக்கிற தண்ணீரில் நோய் வராமல் பார்த்துக்கொள்ளப் போகிறேன். சாக்கடைக்குள் எந்த மனிதனும் இறங்காமல் பார்த்துக்கொள்ளப் போகிறேன். படிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல எந்தப் பாட்டிக்கு மனம் வரும்?